இரண்டாவது கேசட்

எங்கள் தெருவுக்கு டிவி வந்து வெகுகாலம் கழித்துத்தான் டிவிக்குள் படம் வந்தது. எண்பதுகளின் நடுவில் லப்பைக்குடிக்காட்டில் பாதி வீடுகளின் கதை இதுதான். குவைத்திலிருந்தும் சவூதியிலிருந்தும் லீவில் வருகிற ஆண்கள் ஆளுக்கொரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்துவிடுவார்கள். ஒளிபரப்புதான் வெள்ளாறு வரைக்கும் வராமல் எங்கேயோ நின்றுவிட்டது. வாங்கின பாவத்துக்கு டிவியைக் கூடத்தில் வைத்து, பூப்போட்ட துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் பூச்செண்டும் வைத்திருப்பார்கள். பெருநாளைக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தால் அதற்கு உயிர் வரும். மற்ற நாளில் சுவிட்சைப் போட்டால் எறும்பு மொய்க்கிற மாதிரி ஒரு திரை, ஒரு இரைச்சல், அப்புறம் அம்மாவிடம் ஒரு திட்டு.

அப்படிச் சும்மா கிடந்த டிவிக்கு வேலை கொடுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தத் தடவை குவைத்திலிருந்து வந்தவர், சோப்பு, சென்ட், தைலம், டார்ச் லைட் எல்லாம் பங்கு போட்டு முடித்த பிறகு, பெட்டியின் அடியிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்தார். பிரித்தால் கறுப்பாக, பட்டன் வைத்த பலகை ஒன்று.

"கம்ப்யூட்டரு" என்றார்.

என் அத்தா, அதாவது அப்பா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மத்ததெல்லாம் எங்கடா?"

"இதான் முழுசும் மச்சான்."

"இந்தச் சிலேட்டுக்கா பெட்டியில இம்புட்டு எடத்த அடைச்ச? ரெண்டு போர்வ கொண்டாந்திருக்கலாம்ல?"

மாமா சிரித்துக்கொண்டே அதை டிவியோடு ஒரு ஒயரில் மாட்டினார். வோல்டேஜ் ஏறி இறங்கும் என்று ஸ்டெபிலைசர் வைத்தார். டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டரை இழுத்து வந்து இன்னும் இரண்டு ஒயரை அதன் காதில் சொருகினார். டிவியின் குமிழைத் திருகித் திருகி, எறும்பு மொய்ப்பது அடங்கி வெள்ளைத் திரை வந்ததும் ஒரு கேசட்டைப் போட்டு பட்டனை அமுக்கினார். தகரத்தில் ஆணியைப் போட்டு இழுக்கிற மாதிரி ஒரு கிறீச்சல் கிளம்பியது. தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கிறீச்சல்தான் உள்ளே எழுத்தாக மாறுகிறது என்று மாமா சொன்னபோது, நான் உட்பட ஒருத்தரும் நம்பவில்லை. சத்தம் ஓடி முடிந்து, திரையில் ஒரு பந்தும் ஒரு மட்டையும் வந்து நின்றது. அப்புறம் நான் மாமா வீட்டை விட்டு நகரவில்லை. பள்ளிக்கூடம், குர்ஆன் ஓதப் போகிறது, சோறு எல்லாம் எனக்கு இடைஞ்சலாகிவிட்டது.

ஆனால் மாமா அதைக் கொண்டுவந்தது நான் பந்தடிக்க இல்லை. குவைத்தில் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் வைக்கிற பெரிய கிடங்கில் அவருக்கு வேலை. எந்தச் சாமான் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது பழைய ஆட்களின் மண்டையில்தான் இருக்கும். அந்த வருஷம் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. மாமாவின் மானேஜர், தன் பிள்ளை விளையாடி அலுத்துப் போட்ட இந்தப் பெட்டியைக் கொடுத்து, லீவு முடிந்து வரும்போது சாமான்களையெல்லாம் ஃபைல் ஃபைலாகப் பிரித்து, பெயரைத் தட்டினால் இடத்தைச் சொல்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வா, உன்னை ஆபீசில் உட்கார வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் விசாவைப் புதுப்பிக்கத் தன்னால் முடியாது என்றும் சொல்லியிருந்தார். மாமா சம்பளத்தில் அவர் வீட்டு அடுப்பு மட்டுமில்லை, எங்கள் வீட்டு அடுப்பும் பாதி எரிந்தது. சின்னம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் பண்ணியதும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான். ஆகவே அந்தக் கிறீச்சலுக்கு எங்கள் வீட்டில் ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

மாமி பூலாம்பாடிக்காரி. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன. மாமாவோடு சேர்ந்து இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் தேறும், அவ்வளவுதான். அப்படி வந்த மனுஷர் பகலெல்லாம் டிவிக்கு முன்னால் குந்திக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பெண்ணுக்கும் பத்திக்கொண்டு வரும். மாமி முதல் வாரம் பாத்திரத்தை ஓங்கி ஓங்கி வைத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, சாயங்கால வேலையெல்லாம் முடித்துவிட்டு, முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு வந்து மாமா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து டேப்ரெக்கார்டர் மாமி பொறுப்பு. கரண்ட் போனால் உள்ளே இருப்பது மொத்தமும் காலி என்பதால், எழுதியவரை அன்றன்றைக்குக் கேசட்டில் ஏற்றிவிட வேண்டும். மாமா பலகையில் எதையோ தட்டிவிட்டு "ம்" என்பார். மாமி ரெக்கார்டு பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அமுக்குவாள். ஏற்றி முடித்ததும் ஓட்டிப் பார்த்து, சரியாக ஏறியிருக்கிறதா என்று அந்தப் பெட்டியையே கேட்பார்கள். சரி என்று அது சொன்னதும், இன்னொரு கேசட்டைப் போட்டு அதையே மறுபடியும் ஏற்றுவார்கள்.

"அதான் ஒருக்கா ஏத்தியாச்சுல்ல. திரும்பவும் எதுக்கு?" என்று மாமி கேட்டாள்.

"நாடாவ நம்ப முடியுமா? இது அந்துபோச்சுன்னா அது இருக்கும். ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சிராத."

முதல் கேசட் மாமாவின் ரெக்ஸின் பையில் இருக்கும். இரண்டாவது கேசட்டைக் கூடத்து அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது மாமி. தெருப் பெண்கள் கேலி செய்யாத நாளில்லை. "என்னடி, ஜோடியா ஆபீஸ் நடத்துறீங்களாமே, எங்களுக்கும் ஒரு வேல போட்டுக் குடு" என்பார்கள். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மாமா புறப்பட வேண்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அந்தி சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டுக் காரில் செந்துறை வழியாக அரியலூர் போய், அங்கே மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க வேண்டும். காலையிலிருந்தே வீட்டில் தெருவே நின்றது. இது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருத்தர் பயணம் கிளம்பினால் அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் இங்கிருந்து சாமான் போகும். ஊறுகாய், கருவாடு, நாட்டு மருந்து, சட்டைத்துணி. அதற்கு மேலே கேசட். படிக்காத பெண்கள் நிறைந்த தெரு. கடுதாசி எழுத இன்னொருத்தரிடம் போய் உட்கார்ந்து புருஷனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு டேப்ரெக்கார்டரில் பேசி, அந்தக் கேசட்டைக் கொடுத்துவிடுவார்கள். அங்கிருந்து பதிலும் கேசட்டில்தான் வரும். எல்லாக் கேசட்டும் அங்கே ஒரே கடையில் வாங்கினது போல ஒரே நிறம், ஒரே அட்டை. மாமா வீட்டுக் கூடத்தில் அன்று ஒரு கேசட் குவியலே சேர்ந்துவிட்டது.

அந்தக் களேபரத்தில்தான் என் அத்தா வந்து, "இத்தன நாளு அப்படி என்னதான்டா எழுதுன, கிளம்புறதுக்குள்ள ஒருவாட்டி காட்டு" என்றார். மாமா பெருமையாக முதல் கேசட்டைப் போட்டார். கிறீச்சல் பாதி ஓடியிருக்கும். கரண்ட் மங்கியது, எழும்பியது, மறுபடி மங்கியது. டேப்ரெக்கார்டர் முக்கியது. மாமா பதறிப்போய் மூடியைத் திறந்தால், நாடா உள்ளே போய்ச் சக்கரத்தில் சுற்றிச் சிக்கிக் கிடந்தது. மெல்ல மெல்ல இழுத்தும் கையோடு அறுந்து வந்தது. வந்த துண்டு இடியாப்பம் மாதிரி சுருண்டிருந்தது.

அத்தாவுக்கு முகம் செத்துவிட்டது. "நான் வாய வெச்சிருக்கக் கூடாது" என்றார்.

"அட விடுங்க மச்சான். அதுக்குத்தான் ரெண்டாவது கேசட்டு இருக்கு. ஜும்மா முடிச்சுட்டு வந்து அதுலேருந்து இன்னொண்ணு எடுத்துக்கறேன்" என்று மாமா எழுந்து குளிக்கப் போனார். கொஞ்சம்கூடப் பதற்றமில்லை. நானும் என் பங்குக்குத் தெரு முழுக்க ஓடி, மாமாவிடம் இரண்டாவது கேசட் இருக்கிறதாக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தொழுதுவிட்டு வந்து அலமாரியில் கண்ணாடியை நகர்த்தினால், அங்கே கேசட் இல்லை.

மாமா முதலில் சும்மாதான் கூப்பிட்டார். "இந்தாம்மா, கேசட்ட எடத்த மாத்தி வெச்சியா?" அடுப்படியிலிருந்து மாமி வந்து, "அங்கதானே இருக்கும்" என்றாள். அலமாரியில் இருந்த அத்தனையும் கீழே வந்தது. பாயை உதறினார்கள். தலையணை உறையைக் கழற்றினார்கள். கட்டி வைத்திருந்த பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, மடித்த சட்டையை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். எல்லோரையும்விட மாமிதான் முனைப்பாகத் தேடினாள். நெல் குதிருக்குப் பின்னால்கூடக் கையை விட்டுப் பார்த்தாள், உள்ளறையையும் அவளே பார்த்துவிட்டு வந்தாள்.

மாமாவின் குரல் மாறிக்கொண்டே போனது. "யாரு எடுத்தா? சின்னப் புள்ளைங்க யாராச்சும் எடுத்தீங்களா?" என்று என்னைப் பார்த்தார். மாமா என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. "நான் எடுக்கல மாமா, குர்ஆன் மேல சத்தியமா எடுக்கல" என்று அழுதுவிட்டேன். அதற்கு அம்மா, எதுக்குடி குர்ஆனையெல்லாம் இழுக்கற என்று முதுகில் ஒன்று வைத்தாள். அன்றைக்கு வாங்கினதில் அது முதல்.

கடைசியில் மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். தொழுகைத் தொப்பி இன்னும் தலையில் இருந்தது. "மூணு மாசம் அக்கா. எழுதினது ஒண்ணும் மனசுல நிக்கல. கேசட்டு இல்லாம போய் நின்னா அடுத்த பிளேன்ல திருப்பி அனுப்பிருவான். சின்னவ கல்யாணத்துக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். மீசை வைத்த ஆம்பளை ஒருத்தர் அழப்போகிறார் என்று தெரிந்ததும் நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அப்போதுதான் அத்தாவின் கண் கேசட் குவியலில் போய் நின்றது. "காலையில வந்த கூட்டத்துல இதுல கலந்திருக்குமோ?"

அட்டையெல்லாம் ஒன்றுபோல. மாமா பென்சிலால் எழுதியது அழிந்திருக்கலாம். இருக்கிற ஒரே வழி, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பதுதான். கிறீச்சல் வந்தால் மாமாவுடையது. பேச்சு வந்தால் வேறு வீட்டினுடையது. அத்தா ஒரு கேசட்டை எடுத்து டேப்ரெக்கார்டர் பக்கம் நீட்ட, மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மச்சான். புருஷன் பொண்டாட்டி பேசுறது. நம்மள நம்பிக் குடுத்த அமானிதம். என் வேல போனாலும் போகட்டும், அத நான் கேக்க மாட்டேன்."

ஒருத்தர் நம்பி ஒப்படைத்த பொருளில் கை வைப்பது எங்களில் பெரிய பாவம். விசா போகிற நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? மாமாவுக்கு இருந்தது.

அம்மாதான் முடிவு சொன்னாள். "ஆம்பளைங்க எல்லாரும் தெருவுக்குப் போங்க. நானும் இவளும் கேட்டுக்கறோம். மொத வார்த்த காதுல விழுந்ததும் நிறுத்திர்றோம். அல்லா எங்கள மன்னிக்கட்டும்."

மாமாவும் அத்தாவும் வெளியே போனார்கள். கார்க்காரர் ஏற்கனவே வந்து, பானெட்டில் சாய்ந்துகொண்டு வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். என்னையும் வெளியே தள்ளத்தான் பார்த்தாள். நான் டிவி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியதால் விட்டுவிட்டாள்.

மாமி கேசட்டைப் போடுவாள், அமுக்குவாள், நிறுத்துவாள், எடுத்து ஓரமாக வைப்பாள். கேசட்டுகள் சுற்றி வைக்காமல் பாதியில் நின்றதால் பேச்சும் பாதியிலிருந்துதான் கிளம்பியது. ஒரு கிழவி, "ஒழுங்கா திங்கிறியாடா, படத்துல கழுத்தெலும்பு தெரியுது" என்று மகனை அதட்டினாள். அடுத்ததில் ஒரு பிள்ளை அல்ஹம்து சூராவைத் தப்புத் தப்பாக ஓதியது. இன்னொன்றில் ஒரு அம்மா புளியமரத் தகராறை ஆரம்பித்தார். நான் அதைக் கேட்க ஆசைப்பட்டேன், மாமி நிறுத்திவிட்டாள். ஒன்றில் பேச்சே இல்லை, கோழி கத்துவது மட்டும் கேட்டது. அம்மா ஒவ்வொன்றுக்கும் "அஸ்தஃபிருல்லா" சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே மாமா நடப்பதும் நிற்பதும் கேட்டது. மிச்சமிருக்கிற கேசட்டுகளை நான் மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

பிறகு எதிர்வீட்டு அக்காவின் கேசட் வந்தது. அந்த அக்காவின் மாப்பிள்ளை சவூதியில். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்கிறாராம். அவர் முகமே எனக்குத் தெரியாது. நான் பிறந்த புதிதில் போனவர் என்று சொல்வார்கள். மாமா குவைத்தில் இறங்கியதும் சவூதிக்குப் போகிற ஒரு லாரிக்காரர் கையில் அதைச் சேர்ப்பதாக ஏற்பாடு.

"...வேற என்னங்க. எல்லாரும் நல்லாருக்கோம். எதுத்த வூட்டுல அவ மாப்ள வந்துருக்காங்க. அவங்கதான் இதக் கொண்டாராங்க" என்று அந்த அக்காவின் குரல் வந்தது. பேச்சு என்று தெரிந்துவிட்டது. மாமி நிறுத்தவேண்டியதுதான். ஆனால் பட்டன் மேல் வைத்த விரல் அப்படியே நின்றது.

"அவ வூட்டு வாசல்ல ஆம்பளச் செருப்பு கெடக்கு. தண்ணிக்குப் போறப்பவும் வரப்பவும் அதத்தான் பாத்துக்கிட்டுப் போறேன். பொறாமையெல்லாம் இல்லங்க. அவ நல்லாருக்கட்டும். தலயில பூ வெச்சுக்கிட்டு என்னமா சிரிக்கிறா தெரியுமா? அந்த மனுஷன் கிளம்பிட்டா அவளும் நம்ம மாதிரிதானே. அதுவரைக்கும் நல்லா சிரிச்சுக்கட்டும்னு துஆ செய்றேன். நீங்க எப்ப வருவீங்கன்னு கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. கேக்கல. நான் கேக்கவே இல்ல பாத்தீங்களா?"

அதற்கப்புறம் நாடா ஓடுகிற சத்தம் மட்டும். அம்மா கையை நீட்டி அதை நிறுத்தினாள். கேசட்டை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"இதாச்சும் போய்ச் சேரணும்" என்றாள். மாமியைப் பார்த்துச் சொல்லவில்லை. கேசட்டைப் பார்த்துத்தான் சொன்னாள். "இவன் போகாட்டி இத யாரு கொண்டு போவா?"

மாமி எழுந்தாள். கூடத்தைத் தாண்டி உள்ளறைக்குள் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு கேசட் இருந்தது. அதை அம்மாவிடம் கொடுக்காமல், நேராக டேப்ரெக்கார்டருக்குள் வைத்து மூடினாள். அம்மா அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்த் தாழ்ப்பாளை நீக்கி, "அல்ஹம்துலில்லா! கெடச்சிருச்சுடா, வா" என்று தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

மாமா செருப்போடு உள்ளே ஓடி வந்தார். பலகைக்கு முன்னால் மண்டிபோட்டு எதையோ தட்டினார். கிறீச்சல் கிளம்பியது. தெருவிலிருந்து ஆட்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பாதியில் சத்தம் நின்று திரையில் ஏதோ எழுத்து வந்தது. "எரர்" என்றார் மாமா. அத்தா ஓடிப்போய்ப் பக்கத்து வீடுகளில் ஃபேனையும் மிக்ஸியையும் நிறுத்தச் சொன்னார். மாமா பஞ்சை சென்ட்டில் நனைத்து டேப்ரெக்கார்டரின் உள்ளே நாடா உரசுகிற தலையைத் துடைத்து, ஒரு சின்னத் திருப்புளியால் மயிரிழை அளவு திருகினார். கேசட்டை முதலிலிருந்து சுற்றி வைத்தார். "நீயே அமுக்கு" என்று மாமியிடம் சொன்னார். "உன் கைக்குத்தான் ஏறும்."

பாவி மனுஷர், அதை ஏன் சொன்னாரோ! மாமி அமுக்கினாள். சத்தம் ஓடியது, ஓடியது, முடிகிற வழியாகவே இல்லை. ஒருத்தரும் தும்மக்கூட இல்லை. ஒருவழியாக அது அடங்கித் திரையில் சாமான்களின் வரிசை வந்து நின்றபோது, கார்க்காரர்கூட "யப்பா!" என்று மூச்சு விட்டார். மாமா கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அத்தா அவர் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்.

"எங்கதான் இருந்துச்சு?" என்று மாமா கேட்டார்.

"அடுப்படி மேடையில, மல்லித்தூள் டப்பாவுக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சு" என்றாள் அம்மா, கண்ணை இமைக்காமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கம்மா பொய் சொல்வதா? அதுவும் வெள்ளிக்கிழமை? "இல்ல மாமா, மாமிதான் ரூமுலேருந்து..." என்று ஆரம்பித்தேன். அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், சொல்ல வந்தது அலறலாகத்தான் வெளியே வந்தது. நான் கத்தியதைக் கேசட் கிடைத்த சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மாமா இன்னொரு கேசட்டில் ஏற்றிக்கொண்டு, ஒன்றைச் சட்டைப் பையிலும் ஒன்றைப் பெட்டியிலும் வைத்தார். தெருவின் கேசட்டுகள் எல்லாம் துணியில் சுற்றிப் பத்திரமாக ஏறின. மஃரிப் முடிந்ததும் கார் கிளம்பியது. பெண்கள் வாசல்களில் நின்றார்கள். எதிர்வீட்டு அக்கா வந்து மாமியின் தோளில் கை வைத்து, "அழுவாத, லீவு கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துரும்" என்றார். மாமி அந்த அக்காவைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். கார் போன திசையை அவள் பார்க்கக்கூட இல்லை. மாமாவுக்காக அழுகிறவள் ஏன் இந்தப் பக்கம் திரும்பி அழுகிறாள் என்று நான் நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. என் கவலை என் தொடை. உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளு வாங்கின கோபத்தில் அம்மாவோடு ரொம்ப நாள் பேசவில்லை.

மாமாவுக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது. சின்னம்மா கல்யாணமும் நடந்தது. அந்த மத்தியானம் மாமா குளிக்கப் போன நேரத்தில், உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே கேசட் தன் கையில்தான் இருக்கிறது, இது இல்லாவிட்டால் மனுஷர் போக மாட்டார் என்று ஒரு பெண் நினைத்திருக்கிறாள். திட்டம் போட்டதில்லை, தானாக வந்து வாய்த்தது. எடுத்து பீரோவில் சேலைக்கு நடுவே வைத்துவிட்டாள். இது எனக்கு விளங்கியது எனக்கே கல்யாணமாகி, என் வீட்டுக்காரரும் பயணம் போன பிறகுதான். அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், உனக்கு அப்போதே தெரியும்தானே என்று. "எந்தக் கேசட்டு?" என்றாள் கீரையை ஆய்ந்துகொண்டே. மாமாவுக்கு இன்றுவரை அது மல்லித்தூள் டப்பாவுக்குப் பின்னால் கிடந்த கேசட்தான். நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது மறுநாள். மாமி தனியாக இருப்பாள் என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பியிருந்தாள். டிவிக்குப் பழையபடி துணி போர்த்தியாகிவிட்டது. பலகையும் இல்லை, பந்தும் இல்லை. நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் மேலத்தெருவிலிருந்து ஒருத்தர் குவைத் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மாமி ஒரு புதுக் கேசட்டைப் பிரித்தாள். கதவைச் சாத்தினாள். டேப்ரெக்கார்டரை மடிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, மாமா "ம்" சொன்னால் அமுக்குவாளே, அதே மாதிரி இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சக்கரம் சுற்றத் தொடங்கியது.

மாமி பேசவில்லை. கையைக் கோத்துக்கொண்டு சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். நல்ல கேசட் இப்படிப் பாழாகிறதே என்று எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் அந்தப் பெட்டியை ஓட்டியவளுக்குப் பேசினால்தான் பதியும் என்பதுகூடத் தெரியாதா?

"பேசுங்க மாமி. சும்மா ஓடுது" என்றேன்.

"ஓடட்டும் புள்ள" என்றாள்.

ஒரு பக்கம் முழுக்க அப்படியே ஓடி முடிந்து, பட்டன் டக்கென்று தானாக மேலே வந்தது. மாமி கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டு மறுபடி அமுக்கினாள். விவரம் தெரியாத மாமியிடம் நம்மை மாட்டிவிட்டார்களே என்று அலுத்துக்கொண்டு, நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.